டைம்ஸ் வராத வியாழன்

வாரிமூரில் யார் செத்தாலும் அடக்கம் வெள்ளிக்கிழமைதான். திங்களன்று போனாலும் வெள்ளி, சனியன்று போனாலும் அடுத்த வெள்ளி. 'வாரிமூர் டைம்ஸ்' வியாழக்கிழமை வரும். அதில் பார்த்துவிட்டுத்தான் ஊர் கறுப்பு கோட்டைத் தேடும். இழவு வீட்டுக்காரர்கள் யாருக்கும் போன் போட மாட்டார்கள். போன் போட்டால், வரும்போது ஒரு தட்டு சாண்ட்விச் செய்துகொண்டு வா என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். பேப்பரில் போட்டுவிட்டால் யாரையும் கேட்டதாகாது. தட்டுகள் தானாக வந்து நிறையும்.

அதனால் திங்கட்கிழமை காலை வெர்னா நோஸ்கி முதலில் கூப்பிட்டது நோலீன் பெட்செலைத்தான். டைம்ஸில் செய்தி எழுதுவது, படம் எடுப்பது, விளம்பரம் வாங்குவது, மரண அறிவிப்பு போடுவது எல்லாமே நோலீன்தான். ஒரு காலத்தில் ஏழு பேர் செய்த வேலை. பேப்பரை நகரத்துக் கம்பெனி ஒன்று வாங்கிய பிறகு ஒவ்வொருவராகப் போய், கடைசியில் அவள் ஒருத்தி மிஞ்சியிருந்தாள்.

"கெல்வின் போயிட்டார்டி" என்றாள் வெர்னா. புருஷன் செத்ததை, மழை வந்துவிட்டுப் போனதைச் சொல்வது போலச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை ராத்திரி. தூக்கத்துலயே."

நோலீன் ஒரு காகிதத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளும் வெர்னாவும் ஒரே நெட்பால் அணியில் ஆடியவர்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நோஸ்கி தம்பதி நிலத்தை விற்றுவிட்டு போர்ட்லண்ட் கடற்கரைக்குக் குடிபோன நாளில், வண்டி கிளம்பும்போது கையசைக்க நின்றவள் நோலீன் மட்டும்தான்.

அவர்கள் ஊரை விட்டுப் போனதற்குக் காரணம் கால்பந்து. கெல்வின் வாரிமூர் கால்பந்துக் கிளப்பின் தலைவராக இருந்தார். வயல்கள் பெரிதாகிக் குடும்பங்கள் குறைந்து, சனிக்கிழமை ஆட்டத்துக்கு, அங்கே ஆடும் கால்பந்து அணிக்கு வேண்டிய பதினெட்டு பையன்கள் சேராத நிலைமை வந்தது. கிளப் மொத்தமாகச் செத்துப்போவதைவிட பக்கத்து ஊரான கெல்ஸ்பியோடு சேர்ந்துவிடுவது மேல் என்று அவர் கையெழுத்துப் போட்டார். கெல்ஸ்பி! மூன்று தலைமுறையாக மண்டை உடைத்துக்கொண்ட ஊர். சிவப்பு ஜெர்சி போயிற்று. மைதானத்தில் ஆடு மேய்ந்தது. கெல்வின் மதுக்கடைக்குள் வந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் கிளாஸை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

டைம்ஸுக்கு வாரா வாரம் கடிதங்கள் வந்தன. நோலீன் ஒன்று விடாமல் போட்டாள். அந்த வருஷம் பேப்பர் விற்ற மாதிரி அதற்கு முன்னும் விற்றதில்லை, பின்னும் விற்றதில்லை. அவற்றில் ஊர் மறக்காத கடிதம் கிளாரி வென் எழுதியது. கிளப்பின் பழைய கேப்டன் அவர். 'கெல்வின் நோஸ்கியை ஒருநாள் இந்த மண்ணில் புதைப்பார்கள். அன்றைக்கு நான் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருப்பேன். இந்த ஊரில் மானமுள்ள எவனும் அங்கே நிற்க மாட்டான்.'

அதைப் படித்துவிட்டுத்தான் கெல்வின் நிலத்தை விலை பேசச் சொன்னார்.

இப்போது அவர் அதே மண்ணுக்குத் திரும்பி வருகிறார். அப்பா அம்மா பக்கத்தில் இடம் எப்போதோ வாங்கி வைத்ததாம். வெள்ளி மதியம் இரண்டு மணி, வாரிமூர் கல்லறைத் தோட்டம். நோலீன் எழுதிக்கொண்டதைத் திரும்பப் படித்துக் காட்டினாள்.

"கடைசியில 'எல்லாரும் வரலாம்'னு போடு" என்றாள் வெர்னா. "எல்லாரும்கிறத விட்டுடாத."

"போட்டுட்டேன்."

"நான் யாருக்கும் போன் பண்ணப் போறதில்ல நோலீன். டைம்ஸ்ல பாக்கட்டும். வர்றவங்க வரட்டும். அவர் வாய் விட்டுச் சொன்னதில்ல, ஆனா பதினஞ்சு வருஷமா இந்த ஒண்ணுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. இப்ப எனக்குத் தெரியணும். யாரும் வரலன்னா, அதுவும் ஒரு பதில்தான்."

நோலீன் அறிவிப்பைக் கணினியில் ஏற்றினாள். கறுப்புக் கட்டம் போட்டு, எட்டாம் பக்கத்தில் மேலே வைத்தாள்.

செவ்வாய் மதியம் நகரத்திலிருந்து போன் வந்தது. பேசியது இளம் குரல், மரியாதையான குரல். இந்த வார டைம்ஸ் அச்சுக்குப் போகவில்லை என்றது. அடுத்த வாரமும் போகாது. கம்பெனி எடுத்த கடினமான முடிவு, நோலீனின் நீண்ட உழைப்புக்கு நன்றி. விளம்பரம் கொடுத்தவர்கள் எல்லோரையும் நாங்களே தொடர்புகொண்டு சொல்லிவிடுவோம், நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னது. குரல் பேசி முடிப்பதற்குள் அவள் கணினித் திரை அணைந்து, கடவுச்சொல் கேட்டது. அவளுடைய கடவுச்சொல்லை அது ஏற்கவில்லை.

நூற்றிருபது வருஷத்துப் பேப்பர். நோலீன் கோட்டை மாட்டிக்கொண்டு, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டினாள். சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை முழுக்க அவள் வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி ஆட்டிறைச்சி வேகவைத்துக் கொண்டுவந்தாள். ஒருத்தி ஆப்பிள் கேக். அடுத்தவர்கள் வந்து கேட்டிலேயே நின்று, தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு, "அப்ப அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வியாழன் காலையில் ஊர் பழக்கதோஷத்தில் செய்தித்தாள் கடைக்குப் போய், காலி அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தது. நோலீன் இரண்டு நாளும் ஒழுங்காகத் தூங்கவில்லை. எழுதி வைத்திருந்த பள்ளி விளையாட்டுச் செய்தி நினைவுக்கு வந்து அழுதாள். எட்டாம் பக்கம் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. விளம்பரக்காரர்களுக்கு அவர்களே சொல்லிவிடுவார்கள் என்று காதில் விழுந்ததை மனது அப்படியே நம்பி, கதவைச் சாத்திக்கொண்டுவிட்டது. மரண அறிவிப்பும் கம்பெனி கணக்கில் விளம்பரம்தான். வெர்னாவுக்கு மின்னஞ்சல் ஒன்று போயிருந்தது. வெர்னா மின்னஞ்சல் திறந்து பார்க்கிற ஆளில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ஊர் மதுக்கடையான ரயில்வே ஹோட்டலில் டைம்ஸுக்கு இழவு கொண்டாடினார்கள். மதுக்கடைக்காரி டெனிஸின் யோசனை அது. பீர் அட்டைப்பெட்டிகளை ஒட்டிச் சவப்பெட்டி மாதிரி செய்து, உள்ளே பழைய டைம்ஸ்களை அடுக்கி, மேசைமேல் வைத்திருந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் தட்டோடு வந்தார்கள். முட்டை சாண்ட்விச், லாமிங்டன் கேக், கறி அடைத்துச் சுட்ட குட்டிப் பணியாரம். விதைப்புக்கு இன்னும் மழை வராததால் ஆண்களும் சும்மாதான் இருந்தார்கள். இப்படி ஊர் மொத்தமும் ஒரு கூரையடியில் கூடி வருஷக்கணக்காகியிருந்தது.

நோலீனைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். கிளாரி வென் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து நின்று பேசினார். எண்பதை நெருங்கியும் குரல் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கும்.

"கண்காட்சியில என் கிடாவுக்கு ரெண்டாவது பரிசுதான் கிடைச்சுது. இந்தப் பொண்ணு முதல் பரிசுன்னு போட்டுட்டா. இருபத்திரண்டு வருஷமாச்சு, நான் திருத்தம் கேக்கவே இல்ல."

"அந்தக் கிடாவ விட நீதான் அதிகமா நம்பிட்டே கிளாரி" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கூடம் சிரித்தது. நோலீனும் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

டெனிஸ் கிளாஸ்களை நிரப்பிக்கொண்டே போகிற போக்கில் சொன்னாள்: "இனிமே வாரிமூர்ல யாரும் சாக முடியாது பாத்துக்கங்க. செத்தா சொல்ல ஆள் இல்ல."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நோலீனின் சிரிப்பு பாதியில் நின்றது. எட்டாம் பக்கத்துக் கறுப்புக் கட்டம் நினைவுக்கு வந்தது. அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணியாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

கல்லறைத் தோட்டம் தானியக் கிடங்குகளைத் தாண்டி, காரில் சில நிமிஷம். ஹோட்டல் வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஊர் முழுக்க இங்கே, நல்ல உடுப்பில், தட்டு தட்டாகச் சாப்பாட்டோடு. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

நோலீன் எழுந்து நின்றாள்.

அவள் பேசப்போகிறாள் என்று நினைத்து டெனிஸ் ஒரு கிளாஸைத் தட்டினாள். சத்தம் அடங்கியது. எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. முதல் வரிசையில் கிளாரி, கம்பின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு. 'மானமுள்ள எவனும் அங்கே நிற்க மாட்டான்.' அந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுத்த கை அவளுடையது. கெல்வின் பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? இத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு கிளாஸைப் பார்த்தால்? அதைப் பார்த்துவிட்டு வெர்னாவின் முன்னால் போய் எப்படி நிற்பது?

"கொஞ்சம் வெளிய போயிட்டு வந்துடறேன்" என்றாள். அழப் போகிறாள் என்று நினைத்துக் கூடம் பரிவோடு வழிவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் சவ வண்டி, வெர்னாவின் வெள்ளை கார், ஹார்ஷம் நகரத்திலிருந்து வந்த பாஸ்டரின் கார், அவ்வளவுதான். சவ வண்டிக்காரர்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காற்றில் செம்மண் பறந்தது. வெர்னா குழியருகே சாலையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். நரைத்த முடியை அழகாகச் சீவியிருந்தாள். காரின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று பெரிய தட்டு நிறைய, வெள்ளைத் துணி மூடி, அவள் கையால் செய்த, மேலே வெண்ணெய்ச் சர்க்கரைப் பொருக்கு தூவிய ஸ்ட்ரோய்சல் கேக்.

"நீயாவது வந்தியே" என்று நோலீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தபோது, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். தூரத்துப் பண்ணைகளிலிருந்து வருகிறவர்களுக்கு நேரமாகும் அல்லவா?

நோலீனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. டைம்ஸை மூடிவிட்டார்கள் என்று சொன்னாள். வியாழக்கிழமை பேப்பர் வரவில்லை, யாருக்கும் தெரியாது. தான் போன் செய்திருக்க வேண்டும், தன் துக்கத்தில் அதை மறந்தே போனாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

வெர்னா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நிம்மதி வந்த மாதிரிகூட இருந்தது. பிறகு அவள் கண் நோலீனின் உடுப்பில் போயிற்று. கழுத்தில் முத்து மாலை, சட்டையில் கேக் துகள்.

"எங்கேருந்து வர்றே இப்ப?"

"ரயில்வே ஹோட்டல்லேருந்து. பேப்பருக்காக எல்லாரும் கூடியிருக்காங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"அங்க இருக்கறப்பவே உனக்கு ஞாபகம் வந்துடுச்சு. அதான் வந்தே."

"ஆமா."

"அவங்ககிட்ட சொன்னியா?"

கிடங்குப் பக்கம் ஒரு லாரி போயிற்று. நோலீன் சட்டையிலிருந்த துகளைத் தட்டிவிட்டாள்.

"சொல்லல."

"ஏன்?"

நோலீன் குழியைப் பார்த்தாள். வெர்னா தலையை ஆட்டிக்கொண்டாள். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத்தன பேரோட தினம் பழகறவ நீ. சொன்னா யாரும் எந்திரிக்க மாட்டாங்கன்னு உனக்கே தெரிஞ்சிருக்கு."

"அப்படி இல்ல வெர்னா. நான் இப்பவே போய்க் கூட்டிட்டு வரேன். பத்து நிமிஷம் குடு."

"வேண்டாம். ஆள் விட்டு இழுத்துட்டு வந்த கூட்டம் அவருக்கு எதுக்கு?" வெர்னா திரும்பிக்கொண்டாள். "பாஸ்டர், நீங்க ஆரம்பிங்க."

ஜெபம் சீக்கிரமே முடிந்துவிட்டது. பாட்டு பாட இரண்டு பெண் குரல்களும் ஒரு பாஸ்டரும்தான். காற்று பாதியைக் கொண்டுபோயிற்று. பெட்டியை இறக்கியபின் வெர்னா ஒரு பிடி மண்ணைப் போட்டாள். நோலீனும் போட்டாள். பிறகு வெர்னா காரிலிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து நோலீனின் கார் சீட்டில் வைத்தாள்.

"இவ்வளவையும் எடுத்துட்டுப் போய் நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? அங்க கொண்டு போ, சாப்பிடுவாங்க. யாரு செஞ்சதுன்னு சொல்லிக்க வேண்டாம்."

கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு அவள் கிளம்பினாள். போர்ட்லண்ட் போய்ச் சேர மூன்று மணி நேரமாகும்.

ஹோட்டலில் பாட்டு ஆரம்பித்திருந்தார்கள். நோலீன் தட்டுகளை மேசையில் வைத்தபோது பெண்கள் துணியை விலக்கிப் பார்த்து, இந்த மாதிரி கேக் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்று எடுத்துக்கொண்டார்கள். கிளாரி மட்டும் அவள் காலைப் பார்த்தார். ஷூவெல்லாம் செம்மண்.

"எங்க பொண்ணே போயிருந்தே?"

நோலீன் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"கெல்வின் நோஸ்கிய அடக்கம் பண்ணிட்டு வரேன்."

பக்கத்திலிருந்தவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். அது அலை மாதிரி கூடத்தின் கடைசிவரை போயிற்று. வாயில் கேக்கோடு ஒருத்தி மெல்லாமல் நின்றாள். கிளாரியின் முகத்தில் முதலில் எதுவும் தெரியவில்லை.

"எப்ப?"

"இப்பதான். ரெண்டு மணிக்கு."

"யார் யார் இருந்தா?"

"வெர்னாவும் நானும்."

கிளாரி கம்பை ஊன்றி எழுந்தார்.

"பேப்பர் வரல. அது உன் தப்பில்ல. ஆனா ரெண்டு மணிக்கு முன்னால நீ என் முன்னாடிதானே நின்னே. நிமுந்து நின்னு என்னப் பாத்துட்டுப் போனியே. ஏன் சொல்லல?"

"உங்க லெட்டர்..."

"எழுதினேன். கோவத்துல எழுதினேன். கிளப் போன துக்கத்துல அவன்மேல கல்ல எறிஞ்சேன். நீ அதப் போட்டே. ஏன் போட்டேன்னு நான் இதுவரைக்கும் கேட்டேனா? ஒரு மனுசன் பதினஞ்சு வருஷம் அதே இடத்துல நிப்பான்னு நீயே முடிவு பண்ணிடுவியா?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். டெனிஸ் பீர்க் குழாயை மூடிவிட்டு ஏப்ரனை அவிழ்த்தாள். ஒருவர் பின் ஒருவராக நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் எழவில்லை. சிலர் இருந்த இடத்திலேயே இருந்து கிளாஸைப் பார்த்தார்கள். ஆனால் எழுந்தவர்கள் அதிகம். நோலீன் பயந்தது எவ்வளவு தப்பு என்று தெரிய அந்தக் கூட்டம் போதுமானதாக இருந்தது.

வண்டிகள் வரிசையாகப் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. குழி தோண்டும் இயந்திரக்காரன் என்னவோ ஏதோ என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒதுங்கினான். ஊர் அந்த மண்மேட்டைச் சுற்றி நின்றது. ஜெபம் சொல்ல பாஸ்டர் இல்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். கிளாரி குனிய முயன்று முடியாமல், கம்பின் நுனியால் ஒரு மண்கட்டியை மேட்டின்மேல் தள்ளிவிட்டார். கண்ணிலிருந்து நீர் தாடைக்கு வந்ததை அவர் துடைக்கவில்லை.

"வெர்னாவக் கூப்பிடு" என்றார். "நாங்க வந்திருக்கோம்னு சொல்லு."

நோலீன் கூப்பிட்டாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு வெர்னா எடுத்தாள். கார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"வெர்னா, வண்டியத் திருப்பு. எல்லாரும் இங்க வந்துட்டாங்க. கெல்வின்கிட்டதான் நிக்கறாங்க. கிளாரி என் பக்கத்துலயே நிக்கறார்."

"கிளாரி வென்னா?" என்றாள் வெர்னா. மெல்லச் சிரிக்கிற மாதிரி இருந்தது. "நல்ல மனசுடி உனக்கு. ஆனா பொய் சொல்ல வராது, விடு. நான் நல்லாத்தான் இருக்கேன்."

கிளாரி போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நோலீன் அதை அவரிடம் கொடுப்பதற்குள் வெர்னா வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டபோது எடுக்கவில்லை. அடுத்த தடவையும் எடுக்கவில்லை.

"என்ன சொன்னா?" என்று கேட்டார் கிளாரி.

மேட்டைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் நோலீனைப் பார்த்தார்கள். இத்தனை வருஷமாக எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றாலும் அவளைத்தான் பார்த்துப் பழக்கம்.

"லைன் சரியா கிடைக்கல" என்றாள் நோலீன்.